ஏரியைச் சுத்தம் செய்தால் வெயில் குறையுமா?

கடந்த தை மாதம், தாம்பரத்திலிருந்து படப்பை செல்லும் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில், அறுவடைக்கு நின்ற சம்பா நெல்லைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு ஏக்கரில் பாதிக்குமேல் சாய்ந்து கிடந்தது. சாயாமல் நின்ற பகுதியிலும் வட்ட வட்டமாகப் புகையான் தாக்கிய காய்ந்த திட்டுகள். வயலின் சொந்தக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஐந்து வயதிலிருந்து அந்த ஏரிப் பாசனத்தைப் பார்த்து வருபவர். "வழக்கமாப் போடற மூணு மூட்டை யூரியாதான் சார் ஏக்கருக்குப் போட்டேன். ஒரு கைப்பிடிகூட அதிகமில்ல. பயிரு மட்டும் கருகருன்னு ஏறிப் போச்சு" என்றார்.

காரணம் வாய்க்காலிலேயே தெரிந்தது. ஏரிக்கு மேலே பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மனைப்பிரிவுகள் வந்துவிட்டன. அங்கிருந்து வரும் சாக்கடை மழைநீரோடு சேர்ந்து ஏரியில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே தழைச்சத்து இருக்கிறது. அதற்குமேல் மூன்று மூட்டை யூரியா சேர்ந்தபோது பயிர் தேவைக்கு மேல் தழைத்தது. தண்டு வலுவிழந்தது, புகையான் வந்தது, மார்கழி மழைக்குச் சாய்ந்தது.

பேச்சுக்கிடையே அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஏரியச் சுத்தம் பண்ணணும்னு எல்லாரும் சொல்றீங்க. பூமி சூடாவுதுன்னும் சொல்றீங்க. ஏரியச் சுத்தம் பண்ணிட்டா வெயில் கொறைஞ்சிடுமா? ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?"

பயிற்சி வகுப்புகளில் நாங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். மரம் நடுங்கள், நெகிழியை ஒழியுங்கள், ஏரியைக் காப்பாற்றுங்கள், பூமி குளிரும் என்று முடித்துவிடுகிறோம். கேட்பவருக்கு எதைச் செய்தால் எது நடக்கும் என்பது தெரிவதில்லை. அந்த உழவரின் கேள்விக்கான பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இரண்டும் ஒன்றல்ல, சில இடங்களில் சேர்கின்றன

சுற்றுச்சூழல் கேடு என்பது பெரும்பாலும் நம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிவது. சாக்கடை கலந்த ஏரி, எரியும் குப்பை, உப்பேறிய கிணறு. அது உள்ளூர்ப் பிரச்சினை. உள்ளூரில் சரிசெய்தால் பலனும் உள்ளூரில் கிடைக்கும்.

புவி வெப்பமாதல் வேறு வகை. கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகிய வாயுக்கள் வளிமண்டலத்தில் சேர்ந்து, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. இவை எங்கே வெளியானாலும் உலகம் முழுவதும் பரவும். தாம்பரத்தில் வெளியானதா, டெக்சாஸில் வெளியானதா என்ற வேறுபாடு கிடையாது. 2011 முதல் 2020 வரையான பத்தாண்டுகளில் பூமியின் சராசரி வெப்பநிலை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது.

ஆகவே ஏரியைச் சுத்தம் செய்தால் அடுத்த சித்திரை வெயில் குறையாது. நீர் நிறைந்த ஏரிக்கரையில் நிற்பவருக்குக் கொஞ்சம் குளுமை தெரியும், அவ்வளவே. ஆனால் சில கேடுகளுக்கு உள்ளூர் முகமும் உலக முகமும் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்தால் ஒரே வேலையில் இரண்டு பலன். விவசாயிக்கு அதில் மூன்றாவதாகச் செலவுக் குறைப்பும் உண்டு. அந்த இடங்கள் எவை என்று அறிந்துகொள்வதுதான் முக்கியம்.

ஒரு டன் குப்பையும் ஓர் ஏக்கர் நெல்லும்

முதல் இடம், காற்றுப் புகாமல் எதுவெல்லாம் அழுகுகிறதோ அது. கரிமப் பொருள் காற்றோட்டத்தோடு மட்கினால் கரியமில வாயு வெளியாகிறது. காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பிடிக்கும். இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 80 கிலோவுக்குச் சமம். அதே நேரம், மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகளே தங்கும். கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் தங்கும். இன்று மீத்தேனைக் குறைத்தால் அதன் பலனை நம் வாழ்நாளிலேயே காணலாம் என்பது இதனால்தான்.

தென்சென்னைப் புறநகரில் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் பெருங்குடி குப்பைமேடு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியிலேயே பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டப்பட்டது. 2022 ஏப்ரல் கடைசியில் அங்கே பற்றிய தீ நாட்கணக்கில் புகைந்ததைச் சுற்றுவட்டார மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். குப்பைமேட்டின் அடியில் உருவாகும் மீத்தேன் எரியக்கூடிய வாயு. பற்றிய தீ அணையாமல் உள்ளுக்குள்ளே புகைவதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் பணி இப்போது நடந்துவருகிறது. புதிதாகக் குப்பை அப்படிச் சேராமல் தடுப்பது அதைவிடப் பெரிய வேலை.

இங்கே ஒரு கணக்கு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. வகுத்திருக்கும் முறைப்படி, ஒரு டன் உணவுக் கழிவை ஆழமான குப்பைமேட்டில் போட்டால் அது முழுவதும் அழுகி முடிவதற்குள் ஏறத்தாழ 40 கிலோ மீத்தேன் வெளியாகும்.

இப்போது வயலுக்கு வருவோம். நடவு முதல் அறுவடை வரை தண்ணீர் தேங்கியே நிற்கும் நெல் வயலிலும் மண்ணுக்குள் காற்று புகுவதில்லை. வேர்க்கழிவும் தாளும் எருவும் காற்றில்லாமல் அழுகுகின்றன. அதே குழு தெற்காசிய நெல் வயல்களுக்குத் தரும் சராசரி அளவின்படி, ஓர் ஏக்கரில் ஒரு பருவத்துக்கு வெளியாகும் மீத்தேனும் ஏறத்தாழ 40 கிலோதான்.

ஒரு டன் உணவுக் கழிவு, ஓர் ஏக்கர் நெல். இரண்டும் ஒரே அளவு. நகரத்து வீட்டுக் குப்பையும் கிராமத்து வயலும் இந்தக் கணக்கில் பக்கத்துப் பக்கத்து வரிகள். இரண்டையும் சரிசெய்யும் வழியும் ஒன்றே. காற்றுப் புகவிட வேண்டும்.

ஏரி என்ன செய்கிறது?

குப்பைக்கும் வயலுக்கும் நடுவில் இருப்பது ஏரி. செங்கல்பட்டுச் சீமையே ஏரிகளின் சீமை. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஒன்றின் உபரி நீர் அடுத்ததில் இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணையில் சேர்வது கிழக்குப் பக்கத்துச் சங்கிலி. மேற்குப் பக்கத்தில் ஆதனூர் முதலான ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில் சேர்ந்து முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக ஓடுகிறது.

சாக்கடை கலந்த ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுகிறது. அது மடிந்து அடியில் சேர்கிறது. நீரில் உயிர்வளி தீர்ந்துபோகிறது. கரையில் நின்று பார்த்தால் சேற்றிலிருந்து குமிழிகள் வருவது தெரியும். அந்தக் குமிழிகளில் பெரும்பகுதி மீத்தேன்தான். நல்ல நிலையில் உள்ள ஏரியிலும் சதுப்பிலும் இயற்கையாகவே கொஞ்சம் மீத்தேன் வரும்; சாக்கடைச் சத்து சேரச் சேர அது பன்மடங்காகும். ஏரிக்குள் சாக்கடை வராமல் தடுப்பது, உழவரின் சம்பாவைக் காப்பதோடு வளிமண்டலத்துக்கும் சிறு உதவி.

ஏரியின் பெரிய பயன் வேறு. வெப்பமாவதைக் குறைப்பது ஒரு வேலை. ஏற்கெனவே வந்துவிட்ட வெப்பத்தின் விளைவைத் தாங்குவது இன்னொரு வேலை. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழைக்கு வாய்ப்பு கூடுகிறது. 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகள் மூழ்கின. இத்தகைய மழையை வாங்கிக்கொள்ள ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும் வேண்டும். 1960-களில் ஏறத்தாழ 5,500 ஹெக்டேர் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் இன்று பத்தில் ஒரு பங்கு அளவே பழைய நிலையில் உள்ளது. 2022-ல் இதன் காப்புப் பகுதி உலக அளவிலான ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சுத்தமான ஏரி உழவருக்கு என்ன தரும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே பழைய சாட்சி இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்த ஊர் மக்கள், வேட்டைக்காரர்களை உள்ளே விடாமல் காத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேஸிடமிருந்து அதற்கு உரிமைச் சாசனம் பெற்றதாக வரலாறு. பறவை எச்சத்திலும் தழைச்சத்துதான் இருக்கிறது, சாக்கடையிலும் தழைச்சத்துதான் இருக்கிறது. அளவும் கலப்பும் வேறு. ஒன்றில் ஏரி பிழைத்தது. மற்றொன்றில் ஏரி சாகிறது.

நவரையில் காய்ச்சலும் பாய்ச்சலும்

இனி நம் கையில் உள்ள வேலை. வயல் நன்றாக நனைந்தபின் நீர் வடிய விட்டு, மீண்டும் பாய்ச்சும் முறையைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்கிறோம். செலவில்லாத கருவி ஒன்று போதும். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள அகலமான பி.வி.சி. குழாய்த் துண்டின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வரப்போரம் பதித்து, உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தெரியும் நீர், மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டருக்கு இறங்கியபின் பாய்ச்சினால் போதும். மேலே தண்ணீர் தெரியாவிட்டாலும் வேருக்கு எட்டும் ஈரம் அடியில் இருக்கும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. நடவு செய்த முதல் இரண்டு வாரங்களுக்குக் களை அடங்கத் தண்ணீர் நிற்கட்டும். பூக்கும் தருணத்தில், ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் 5 சென்டிமீட்டர் நீர் கட்டாயம் நிற்க வேண்டும். இந்த இரண்டு கட்டங்களிலும் காயவிட்டால் மகசூல் போகும்.

எந்தப் பருவத்தில் செய்வது என்பதும் முக்கியம். நம் பகுதியில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பருவம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே சம்பா வயலைக் காயவிடு என்று சொல்வதில் பொருளில்லை. தண்ணீர் நம் கட்டுப்பாட்டில் உள்ள நவரையும் சொர்ணவாரியும்தான் இதற்கு ஏற்றவை. ஏரியில் நீர் இறங்கிக் கிணற்றை நம்பும் காலமும் அதுவே.

பலன் என்ன? ஐ.பி.சி.சி. கணக்குப்படி, பலமுறை காயவிடும் வயலில் மீத்தேன் ஏறத்தாழ 45 சதவீதம் குறையும். 40 கிலோவில் 18 கிலோ மிச்சம். கரியமில வாயுக் கணக்கில் ஏறத்தாழ 480 கிலோவுக்குச் சமம். ஆனால் வயல் காய்ந்து நனையும்போது யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடுதலாக வெளியேறும். அது கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பம் பிடிப்பது. ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து இடும் வயலில் இந்தக் கூடுதல் 50 கிலோவுக்குச் சமம் ஆகும். வரவு 480, செலவு 50. லாபம்தான். ஆனால் யூரியாவை அள்ளிப் போடுபவருக்கு இந்த லாபம் சுருங்கும். அதனால்தான் தண்ணீரையும் உரத்தையும் பிரித்துப் பேசக்கூடாது.

மோட்டார் ஓட்டம் குறைவது தனி ஆதாயம். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் செலவாகும். விவசாயிக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும், பெரும்பகுதி நிலக்கரியில் உற்பத்தியாகும் நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது.

யூரியா: இலையைக் கேட்டுப் போடுங்கள்

சாய்ந்த சம்பாவின் பாடம் இதில் இருக்கிறது. ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து என்பது 45 கிலோ மூட்டையில் ஏறத்தாழ மூன்று மூட்டை யூரியா. மத்திய, நீண்ட கால ரகங்களுக்கான பொதுப் பரிந்துரையும் அதுவே. அந்த உழவர் தவறு செய்யவில்லை. ஆனால் பரிந்துரை செய்தவர்கள் அவருடைய ஏரித் தண்ணீரைக் கணக்கில் எடுக்கவில்லை.

இலை வண்ண அட்டை இதற்கு எளிய துணை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, பத்துச் செடிகளில் முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். நிறம் பெரும்பாலான செடிகளில் 4-க்குக் கீழே இருந்தால் மட்டும் ஏக்கருக்கு 30 கிலோ யூரியா இடலாம். வெள்ளைப் பொன்னிக்கு அளவு 3. அதற்கு மேலிருந்தால் அந்த வாரம் மூட்டையைத் திறக்க வேண்டாம். சாக்கடை கலந்த நீர் பாயும் வயலில் இந்த அட்டை ஒன்றரை மூட்டையோடு நிறுத்தச் சொன்னாலும் வியப்பில்லை.

ஒரு மூட்டை குறைந்தால் அதற்கான செலவு மிச்சம். புகையானும் குலைநோயும் தணியும். கிணற்று நீரில் நைட்ரேட் சேர்வது குறையும். மேலே சொன்ன 50 கிலோ கூடுதலும் ஏறத்தாழ ஈடாகிவிடும். உள்ளூர்க் கேடும் உலகக் கேடும் ஒரே மூட்டையில் கட்டிக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

நகரத்துக் குப்பை வயலுக்கு வரலாமா?

வரலாம், தரம் பார்த்து. தாம்பரம் மாநகராட்சி 2021-ல் உருவானபோது ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. இத்தனை பெரிய ஊரின் சமையலறைக் கழிவும் காய்கறிக் கழிவும் குப்பைமேட்டுக்குப் போனால் மீத்தேன். பிரித்து, காற்றோட்டத்தோடு மட்கவைத்தால் உரம். வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன.

மட்கிய உரத்துக்கு இன்னொரு நன்மை உண்டு. நீர் தேங்கும் வயலில், நடவுக்குச் சற்றுமுன் பச்சை வைக்கோலை மடக்கி உழுதால் உண்டாகும் கூடுதல் மீத்தேனைக் கணக்கிட்டால், அதே எடை மட்கிய உரம் தருவது அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். வைக்கோலை ஒரு மாதத்துக்கு முன்பே மடக்கி உழுதாலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. தக்கைப்பூண்டை மடக்குபவர்களும் உடனே நீர் கட்டாமல், ஈரப்பதத்திலேயே ஒரு வாரம் மட்கவிட்டு நடுவது நல்லது. மண்ணுக்கு உரமும் சேரும், மீத்தேனும் அடங்கும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை: உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகர்ப்புறக் கம்போஸ்டில் காரீயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. ஆய்வுச் சான்று இல்லாத உரத்தை, இலவசம் என்றாலும் நெல்லுக்கும் கீரைக்கும் இட வேண்டாம். கண்ணாடித் துண்டும் நெகிழியும் கண்ணுக்குத் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். பழைய குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்த மண்ணை வயலுக்குக் கொண்டுவரவே கூடாது. ஏரி வண்டலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வட்டாட்சியர் அனுமதியோடு வண்டல் எடுக்கலாம். சாக்கடை இறங்கும் ஏரியாக இருந்தால் முதலில் ஆய்வுக்கு மாதிரி கொடுங்கள்.

சொந்தமாக மட்கவைப்பவர்கள் பச்சைக் கழிவுக்குச் சமமாகக் காய்ந்த சருகு சேர்க்க வேண்டும். பிடித்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வரும் அளவுக்கே ஈரம் போதும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். கிளறாத குவியல் உள்ளே நாறும். அந்த நாற்றமே காற்றுப் புகவில்லை என்பதற்கு அடையாளம். அப்போது அதுவும் ஒரு சிறிய குப்பைமேடுதான். நான்கைந்து மாடு வைத்திருப்பவர்களுக்கு 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் பொருந்தும். நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் போதும். குழாயில் கசிவு இல்லாமல் பார்த்துக்கொள்வது அவசியம். எரியாமல் கசியும் வாயு மீத்தேன்தான்.

நல்லதுபோல் தோன்றுபவை

சில செயல்கள் உலகக் கணக்கில் நல்லவை, உள்ளூர்க் கணக்கில் கேடு. சூரியசக்தி மோட்டார் நிலக்கரியை மிச்சப்படுத்தும். ஆனால் பகலெல்லாம் செலவின்றி ஓடும் என்று விட்டுவிட்டால் கிணறு வற்றும். நம் கிழக்குப் பகுதியில் கடல் அருகில் இருப்பதால் நிலத்தடியில் உப்புநீர் உள்ளே வரும். சூரிய மோட்டார் வைத்தவர்தான் சொட்டுநீரையும் காய்ச்சலும் பாய்ச்சலையும் முதலில் கடைப்பிடிக்க வேண்டும். சதுப்பிலும் ஏரிக்குள்ளும் மரம் நட்டுப் பசுமை என்று படம் எடுப்பதும் இவ்வகையே. ஏரிக்கு உள்ளே தண்ணீர் நிற்க வேண்டும். மரம் கரையில் நிற்கட்டும். கரையிலும் பனை இருக்கலாம், சீமைக்கருவேலம் வேண்டாம்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் உண்மை உண்டு. அனல் மின் நிலையங்களிலிருந்து வரும் கந்தகப் புகையின் நுண்துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பி, வெப்பமாவதில் ஒரு பகுதியை மறைத்து வைத்திருக்கின்றன. அந்தப் புகையை நீக்கினால் மறைந்திருந்த வெப்பம் வெளிப்படும். அதற்காகப் புகையை அனுமதிக்க முடியுமா? நம் பிள்ளைகளின் நுரையீரல் முக்கியம். புகையையும் நீக்க வேண்டும், நிலக்கரியையும் குறைக்க வேண்டும், மீத்தேனையும் அடக்க வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் முடிவு.

பொறுப்பு யாருடையது?

கணக்கை நேர்மையாகப் பார்க்க வேண்டும். இந்தியா வெளியிடும் வெப்ப வாயுக்களில் விவசாயத்தின் பங்கு ஏறத்தாழ 14 சதவீதம். பெரும்பங்கு மின்சாரம், தொழிற்சாலை, வாகனம் ஆகியவற்றுடையது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்ட நெல் விவசாயிகள் எல்லோரும் நாளையே மாறினாலும் உலக வெப்பமானியில் அது தெரியாது. இரண்டு ஏக்கர்க்காரரைப் பார்த்துப் பூமியைக் காப்பாற்று என்று சொல்வது நியாயமும் இல்லை.

ஆனால் வெப்பத்தின் அடி முதலில் விழுவது அவர்மேல்தான். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1979 முதல் 2003 வரை திரட்டிய பதிவுகளை ஆராய்ந்தபோது, கோடைப் பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நெல் மகசூல் 10 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். நம் நவரை பூத்து மணி பிடிப்பது மாசி, பங்குனியில். இரவும் புழுங்கும் மாதங்கள் அவை. எனவே விவசாயி இதைச் செய்ய வேண்டியது உலகத்துக்கான தியாகமாக இல்லை. யூரியாச் செலவு, மோட்டார் ஓட்டம், புகையான் மருந்து ஆகியவை குறைவது அவருடைய சொந்த லாபம். அதில் உலகத்துக்கும் ஒரு பங்கு போகிறது.

கார்பன் வரவு தருகிறோம் என்று நிறுவனங்கள் சில இடங்களில் விவசாயிகளைத் தேடி வருகின்றன. கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை ஆண்டு ஒப்பந்தம்? யார், எப்படி அளப்பார்கள்? வரும் தொகையில் என் பங்கு எவ்வளவு, எப்போது கைக்கு வரும்? பதில் தமிழில் எழுத்தில் கிடைத்தபின் யோசிக்கலாம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புறநகர் ஏரிப் பாசனக் கிராமங்களுக்குப் பொதுப் பரிந்துரையை மட்டும் சொல்லாதீர்கள். சம்பா நடவுக்கு முன் ஏரி நீர் மாதிரி ஒன்று, மண் மாதிரி ஒன்று எடுத்து அனுப்புங்கள். இலை வண்ண அட்டையை வகுப்பறையில் காட்டுவதோடு நிறுத்தாமல் வயலில் வைத்துக் காட்டுங்கள். தக்கைப்பூண்டு விதை, மண் வள மேம்பாட்டுத் திட்டங்கள் பற்றி வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலும், பயிற்சிகள் பற்றிக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டறியலாம்.

அந்த உழவரிடம் அன்று நான் சொன்ன பதில் சுருக்கமானது. "ஏரியைச் சுத்தம் செஞ்சா வெயில் குறையாதுங்க. ஆனா அடுத்த சம்பா சாயாது. அடுத்த வெள்ளம் கொஞ்சம் தாங்கும். வெயில் ஏறுற வேகத்துல ஒரு துளி குறையும்." அவர் சிரித்தார். "மொதல் ரெண்டும் கெடைச்சாலே போதும் சார், மூணாவது சும்மா கெடைக்கறதுதானே" என்றார். நவரைக்கு ஓர் ஏக்கரில் மட்டும் குழாய் பதித்துப் பார்க்கிறேன் என்று இப்போது சொல்லியிருக்கிறார். ஊரார் கையெழுத்திட்டு, ஏரிக்குள் சாக்கடை இறங்கும் இடங்களைப் படத்தோடு காட்டி ஒரு மனுவும் தயாராகிறது. குழாய் அவர் கையில் இருக்கிறது. மனுவுக்குப் பதில் நகரத்திலிருந்து வர வேண்டும்.